மாசி மகத்துக்குப் போகாத பெண்

இதை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். பிள்ளையார் சுழி போட்டு, "பெருமாளே துணை" என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு வரிகூட ஓடாமல் மூடி வைத்த நோட்டுகள் மூன்று வீட்டில் கிடந்தன. அவற்றில் இரண்டைப் பேத்தி படம் வரைந்து தீர்த்துவிட்டாள். எழுத வராதது படிப்புக் குறைவால் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். நான் எட்டாவது வரை படித்தவன், மாவு மில் வைத்திருந்தவன், நம்பக்கூடிய காரணம்தான். ஆனால் காரணம் அதுவல்ல. இந்த விஷயத்தில் ஒருவரையொருவர் எல்லோரும் சந்தேகப்பட்டோம். கடைசியில் நான் என்னையே சந்தேகப்பட வேண்டி வந்தது. அதை எழுதத்தான் கை வரவில்லை.

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற பக்கம். மெயின் ரோட்டில் மில், மில்லுக்குப் பின்னாலேயே வீடு, இரண்டு வீடு தள்ளி பஜனை கோயில். சனிக்கிழமை தோறும் அங்கே பாடுவோம், மார்கழியில் தெருவெல்லாம் சுற்றுவோம். தெருவைத் தாண்டி நடந்தால் ஏரிக்கரை. கரையின் அந்தப் பக்கம் இருளர் ஜனம் பதினைந்து வீடு. சவுக்குத் தோப்பில் காவல், அரிசி மில்லில் கூலி, அறுப்புக் காலத்தில் வயலில் எலி பிடிப்பது, யார் வீட்டிலாவது பாம்பு புகுந்தால் போய்ப் பிடித்துக் கொடுப்பது, இதுதான் அவர்கள் பிழைப்பு. என் மில்லில் சாரைப் பாம்பு புகுந்தபோது நான் சொல்லப்போகிற பெண்ணின் அப்பாதான் வந்து பிடித்தார். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் வேண்டியிருக்கும்.

அந்தப் பெண் என் மகளோடு ஒரே வகுப்பு. இரண்டு பேரும் பிளஸ் டூ. தொண்ணூறுகளின் கடைசி அது. ஏரிக்கரையில் அப்போது கரண்ட் இல்லை. என் மகளுக்குக் கணக்கு வராது, அவளுக்கு வரும். அதனால் என் மனைவி அவளை வரச் சொன்னாள்.

"ஆறு மணிக்கு மில்லு நிறுத்துனதும் கொட்டாயில டியூப் லைட்டு சும்மாதான எரியுது? வந்து ஒக்காந்து படிக்கட்டுங்க. நம்ப பொண்ணுக்கும் ஆச்சு."

"வூட்டுக்குள்ள வரும்ல?"

"அதெல்லாம் வராது. வெளியிலதான் ஒக்காரும்."

அப்படித்தான் நடந்தது. மாவுத் தூசி படிந்த சாக்கின் மேல் உட்கார்ந்து அந்தப் பெண் படித்தாள். என் மகளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் படித்தாளா என்று தெரியாது.

எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம். ஏரிக்கரைப் பெண்ணுக்கு இவ்வளவு மார்க் எப்படி வரும்? பரீட்சையில் பார்த்து எழுதுகிறாளோ? ஒரு நாள் கரண்ட் ஆபீசிலிருந்து இங்கிலீஷில் வந்த கடிதத்தைக் கொடுத்து, "இன்னா எழுதிக்கீறான் படி" என்றேன். எனக்கு அதன் சாரம் முன்பே தெரியும், லைன்மேன் சொல்லியிருந்தார். அவள் படித்து, லைன்மேன் சொன்னதைவிட ஒரு விஷயம் கூடுதலாகச் சொன்னாள். "ஐயா, மீட்டர மாத்தித் தரச் சொல்லி நீங்க எழுதிக் கேக்கலாம்னு கீது." அப்படியும் என் சந்தேகம் போகவில்லை, இடம் மாறியது. இவ்வளவு தெரிந்த பெண்ணுக்கு என் மில் கொட்டகையில் என்ன வேலை என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

அடுத்த சந்தேகம் இன்ஜினியர் மேல். அணு ஆராய்ச்சி ஆபீசில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர். கோதுமை அரைக்க ஸ்கூட்டரில் வருவார். ஒரு நாள் சாக்கின் மேல் விரித்திருந்த அவள் நோட்டைப் பார்த்துவிட்டு, வாரம் இரண்டு நாள் வந்து இயற்பியலும் வேதியியலும் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். சும்மா. எந்த மனுஷன் சும்மா செய்வான்? மதம் மாற்றுகிற ஆளாக இருக்குமோ என்று அவர் நெற்றியையும் கழுத்தையும் பார்த்தேன். நெற்றியில் விபூதி இருந்தது. அதுவும் வேஷமாக இருக்கலாமே என்று நினைத்தேன். என் மனைவியைத் தூணுக்குப் பின்னால் உட்காரவைத்து என்ன பேசுகிறார்கள் என்று கேட்கச் சொன்னேன்.

அரை மணி நேரம் கேட்டுவிட்டு வந்து அவள் சொன்னாள்: "காந்தம், கம்பின்னு இன்னாவோ சொல்லுகினு கீறாரு. எனக்குத் தூக்கம் வந்துச்சி. நீ வேணா போயி ஒக்காரு."

அந்த வருஷம் மாசி மகம் வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாசி மகத்துக்கு இருளர் ஜனம் எங்கெங்கிருந்தோ மாமல்லபுரம் கடற்கரைக்கு வருவார்கள். பழைய புடவைகளைக் கட்டிக் கூடாரம் போட்டு, ராத்திரி அங்கேயே தங்கி, விடியற்காலையில் மணலில் ஏழு படி கட்டி, பூ வைத்து, கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். கல்யாணம் பேசுவதும் அங்கேதான், நடத்துவதும் அங்கேதான். ஏரிக்கரையில் ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லோரும் லாரி ஏறினார்கள். அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும் மட்டும் ஏறவில்லை. மறு நாள் அவளுக்கு ஸ்கூலில் செய்முறைத் தேர்வு.

லாரி என் மில்லைத் தாண்டிப் போகும்போது அவள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். பிள்ளைகள் கை ஆட்டின. இவளும் ஆட்டினாள். லாரி திரும்பிய பிறகும் ரோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போவலையா?" என்று கேட்டேன்.

"அம்மா கோச்சுக்காதுன்னு நைனா சொல்லுச்சி ஐயா" என்றாள். அம்மா என்று அவள் சொன்னது கன்னியம்மனை.

அந்தச் சனிக்கிழமை பஜனைக்கு வந்தாள். அவள் எப்போதாவது வருவதுண்டு. கோயில் வாசல்படிக்கு வெளியே, செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்று பாடுவாள். நல்ல குரல். உள்ளே இருக்கிறவர்கள் சுருதி தவறும்போது வெளியே இருந்து அவள் குரல் சரியாக வரும். யாரும் உள்ளே வா என்று சொன்னதில்லை. வராதே என்றும் சொன்னதில்லை, அதற்கு அவசியம் வரவில்லை.

பரீட்சை முடிந்தது. நுழைவுத் தேர்வும் எழுதினாள். மார்க் வந்த அன்று இன்ஜினியர் மில்லுக்கு வந்து, நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து அதன் பின்புறம் கணக்குப் போட்டார். போன வருஷம் எந்தப் பிரிவில் எத்தனை மார்க் வரைக்கும் டாக்டர் சீட் கிடைத்தது என்ற பேப்பர் அவரிடம் இருந்தது. அவள், அவள் அப்பா, நான், மூன்று பேரும் அந்தத் தாளையே பார்த்தோம். என் மகள் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. அவள் பாஸ் மட்டும்.

"பொதுப் பட்டியல்ல நெனச்சே பாக்க முடியாது அண்ணாச்சி" என்றார் இன்ஜினியர். "பழங்குடிப் பட்டியல்ல போட்டா நல்லாவே வாய்ப்பு இருக்கு. போன வருஷ மார்க்கத் தாண்டி நிக்கா. ஆனா கலந்தாய்வுக்குப் போறப்ப சாதிச் சான்று கையில இருக்கணும். அது இல்லன்னா இந்த மார்க்குக்கு ஒரு மதிப்பும் கெடயாது."

"அது இல்லாம இன்னா சாரு, நாங்க இருளருதான?" என்றார் அவள் அப்பா, சிரித்துக்கொண்டு. "ஊருக்கே தெரியுமே."

"ஊருக்குத் தெரிஞ்சா போதாது வே. பேப்பருக்குத் தெரியணும்."

செங்கல்பட்டில் ரயிலை விட்டு இறங்கினால் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு நடப்பதைப் பார்க்கலாம். அந்தப் பெண் ஒரு தரம் என் மனைவியிடம் கேட்டாளாம், அந்தக் கோட்டை வீட்டிலேயே துவைக்கலாமா, வெளியே போட வேண்டுமா என்று. அதைக் கேட்டு நான் சிரித்தேன். சிரிப்பு நல்ல சிரிப்பா என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

சான்றுக்கு எழுதிப் போட்டார்கள். எந்த ஆபீஸ், யார் அதிகாரி என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. ஒரு நாள் காலை பதினோரு மணி வாக்கில் பைக்கில் ஒருவர் வந்து மில் வாசலில் இறங்கினார். கையில் தோல் பை. விசாரணைக்கு வந்தவர். ஏரிக்கரைக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். அந்தப் பெண்ணும் அப்பாவும் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்ததால் வீடு பூட்டியிருந்ததாம். அக்கம்பக்கத்தில் உள்ளவர் வாக்குமூலம் வேண்டும் என்றார். ஊரில் மரியாதைக்குரியவர், பஜனை கோயில் நிர்வாகத்தில் இருப்பவர் என்று யாரோ என்னைக் காட்டியிருக்கிறார்கள்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளியாள் ஒருவர் வந்து ஒரு குடும்பத்தைப் பற்றிக் கேட்டால், எங்களுக்குத் தெரிந்த ஒரே விசாரணை கல்யாண விசாரணைதான். பெண் வீட்டைப் பற்றிக் கேட்டால் குறை சொல்லக் கூடாது. இருக்கிற நல்லதைக் கூட்டிச் சொல்லி, இல்லாத நல்லதையும் இரண்டு சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு பெண்ணின் வாழ்வு நம் நாக்கில் இருக்கிறது என்று என் அப்பா சொல்வார். இவர் வந்தது சான்றிதழ் விஷயமாக என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நாக்கு பழகிய வழியிலேயே போயிற்று.

இன்னொன்றும் உண்டு. அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. வந்ததிலிருந்து உதட்டோரம் ஒரு சிரிப்பு. "இப்பல்லாம் ஆளாளுக்கு இந்த சர்ட்டிபிகேட்டு கேட்டுகினு வந்துடறாங்க பெரியவரே" என்றார். இவர் அந்தப் பெண்ணை மட்டம் தட்ட வந்திருக்கிறார், ஏதாவது குறை கிடைக்காதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். இவருக்குக் குறை ஒன்றுகூடக் கிடைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

"குடும்பம் எப்டி?"

"தங்கமான குடும்பம் சார். ஒரு வம்பு தும்பு கெடயாது."

"அப்பாக்காரன் எலி கிலி புடிப்பானா?"

"சேச்சே. அதெல்லாம் இல்ல சார். தோப்புல காவலு. சுத்தமான ஜனம்."

"பாம்பு?"

"இல்ல சார்."

என் மில்லில் பாம்பு பிடித்தவரைப் பற்றித்தான் அப்படிச் சொன்னேன்.

"மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போவாங்களா?"

இதற்கு மட்டும் எனக்குப் பெருமையாகவே இருந்தது. "எல்லாரும் போனாங்க சார், இவங்க போவல. அப்பாவும் போவல, பொண்ணும் போவல. அவ்ளோ படிப்பு. எங்க பெருமாள் கோயில் பஜனைக்குதான் வந்துச்சி. மொத வரிசையில நின்னு பாடும் சார். பாத்தா யாருன்னே சொல்ல மாட்டீங்க. எங்க வூட்டுப் பொண்ணு மாதிரி."

அவர் எழுதிக்கொண்டே இருந்தார். எழுதி முடித்து எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னதை ஒரு எழுத்து மாற்றவில்லை. கையெழுத்துப் போட்டேன். என் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் போன பிறகு, நல்லபடியாகச் சொல்லிவிட்டேன் என்று பெருமாளுக்கு ஒரு கற்பூரம் ஏற்றினேன்.

மூன்று வாரம் கழித்து இன்ஜினியர் வந்தார். ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். கையில் ஒரு தாள். சான்று கிடையாது என்று எழுதியிருந்தார்கள். காரணத்தையும் எழுதியிருந்தார்கள். விண்ணப்பதாரர் குடும்பத்தில் பழங்குடியினரின் தொழிலோ வழிபாடோ பழக்கமோ காணப்படவில்லை என்று.

"அண்ணாச்சி, இதுல மில்லுக்காரரு சொன்னதா ஒரு பக்கம் இருக்கு. நீங்க சொன்னதா, அவங்களா எழுதிக்கிட்டதா?"

"நான் சொன்னதுதான்."

"எலி பிடிக்க மாட்டாங்கன்னு சொன்னீயளா?"

"ஆமா."

"மகத்துக்குக் கடலுக்குப் போக மாட்டாங்கன்னு?"

"இந்த வருஷம் போவலன்னு..."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவள் எப்போதும் உட்காரும் சாக்கு. "எலி பிடிக்கான், பாம்பு பிடிக்கான், கன்னியம்மனக் கும்புடுதான். இந்த மூணுதான் சொல்லணும். அத்தனையும் அழிச்சுட்டு, அவள உங்க தெருக்காரியா ஆக்கி வச்சிருக்கீய. எதுக்கு அண்ணாச்சி?"

அவர் அப்போது என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. என் மகள் பாஸ் மட்டும் பண்ணியது அவருக்கும் தெரியும். வேண்டுமென்றே சொன்னேனோ என்று பார்த்தார். முன்பு நான் அவரைச் சந்தேகப்பட்டேன், இப்போது அவர் முறை. இல்லை என்று பெருமாள் மேல் சத்தியம் பண்ண வாயெடுத்தேன். வரவில்லை. ஏன் வரவில்லை என்றுதான் இத்தனை வருஷமாக யோசிக்கிறேன்.

மறு நாளே பஸ் ஏறி அந்த ஆபீசுக்குப் போனேன். ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு அனுப்பினார்கள். கடைசியில் ஒருவர் கேட்டார்.

"அன்னைக்கு ஒண்ணு சொல்ற, இன்னைக்கு ஒண்ணு சொல்ற. யாரு சொல்லிக் குடுத்து அனுப்புனது?"

"யாரும் இல்ல சார். நானாதான் வந்தேன்."

"அப்ப அன்னைக்கு சொன்னது பொய்யி."

"பொய்யின்னு இல்ல சார். மரியாதைக்கு சொன்னது."

"யாரு மரியாதைக்கு?"

திருத்திச் சொல்வதை எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆனால் மாற்றிச் சொன்ன சாட்சி என்று அது சந்தேகத்தை அதிகமாக்கியதே தவிரக் குறைக்கவில்லை. மறு விசாரணைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்தார்கள். அதற்குள் கலந்தாய்வு நாள் வந்தது. அவளும் இன்ஜினியரும் போனார்கள். மார்க் தாள் இருந்தது, சான்று இல்லை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி மில்லைத் தாண்டிப் போனாள். டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. அவள் கொட்டகைப் பக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு வரவேயில்லை.

மூன்று வருஷம் கழித்துச் சான்று வந்ததாம். அதற்காக அடுத்த மாசி மகத்தில் கடற்கரையில் ஏழு படிக்குப் பக்கத்தில் குடும்பத்தோடு நின்று போட்டோ எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்ததாம். அவள் அப்பாவே எனக்குச் சொன்னார், கோபமில்லாமல். கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அதற்குள் அவள் ரத்தப் பரிசோதனைப் படிப்பு படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டாள். இன்ஜினியரும் மாற்றலாகிப் போய்விட்டார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு ஏழெட்டு வருஷம் இருக்கும். எனக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொல்லி, செங்கல்பட்டில் ஒரு லேபுக்கு எழுதிக் கொடுத்தார். வெறும் வயிற்றோடு போய் உட்கார்ந்திருந்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். உள்ளே போனால் அவள். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள்.

"கைய மடக்குங்க ஐயா. முஷ்டி புடிங்க."

என்னை அடையாளம் கண்டுகொண்டாள் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ஊசி ஏற்றினதுகூடத் தெரியவில்லை, அவ்வளவு பதமான கை. மகளைப் பற்றிக் கேட்டாள், கல்யாணம் ஆகிப் படூரில் இருக்கிறாள் என்றேன். அப்பாவைக் கேட்டேன், நன்றாக இருக்கிறார் என்றாள். ரத்தம் குழாயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் தாங்க முடியாமல் சொன்னேன்.

"அன்னைக்கு நான் நல்லதுன்னு நெனச்சிதாம்மா..."

"தெரியும் ஐயா. அந்தப் பேப்பரு இன்னும் எங்க வூட்ல கீது." ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்தாள். "நைனா எலி புடிக்கறத சொல்ல ஒங்களுக்கு வெக்கமா இருந்திச்சி. அது போவட்டும், ஒங்களுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். ஆனா பஜனையில மொத வரிசைன்னு சொன்னீங்களே, அது எதுக்கு?"

நான் பஞ்சின் மேல் விரலை வைத்தேன்.

"நா வாசப்படி தாண்டி உள்ள வந்ததே இல்லையே ஐயா." குழாயின் மேல் என் பேர் எழுதிய சீட்டை ஒட்டிக்கொண்டே சொன்னாள். "பஞ்ச அழுத்திப் புடிங்க, அஞ்சு நிமிஷம். ரிசல்ட்டு சாயங்காலம்."

வெளியே வருவதற்கு முன் கேட்டேன், இதையெல்லாம் ஒரு நாள் எழுதலாமா என்று. அவள் அடுத்த சீட்டைப் பார்த்துக்கொண்டே, "பேரு வேணாம். மத்தது நடந்தபடி எழுதுங்க" என்றாள். அது மன்னித்துச் சொன்னதா, என்னை நம்பாமல் சொன்னதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

லேபுக்குப் போன அந்த வாரச் சனிக்கிழமையிலிருந்து நான் பஜனை கோயிலுக்குள் போவதில்லை. செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறேன். அங்கிருந்து பார்த்தால் பெருமாள் முகம் தெரியாது, பாதமும் தெரியாது. முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும். அவள் அத்தனை நாள் அந்த முதுகுகளைப் பார்த்துக்கொண்டுதான் பாடியிருக்கிறாள். முதல் வாரமே கூட்டாளி ஒருவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "இன்னா அண்ணாத்த, மூட்டு வலியா? படி ஏற முடியலையா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் பஜனைக் கூட்டத்தில் இந்தக் கதை இப்போது வேறு மாதிரி ஓடுகிறது. அந்தப் பெண் பொய்ச் சான்று கேட்டாள், மாட்டிக்கொண்டாள் என்று ஒருவர் சொல்கிறார். மில்லுக்காரர் எவ்வளவோ நல்லபடியாகச் சொன்னார், ஆபீஸ்காரன் மாற்றி எழுதிவிட்டான் என்று இன்னொருவர், என் மேல் உள்ள பிரியத்தில். எல்லாம் பெருமாள் சித்தம், அவளுக்கும் ஒரு வெள்ளைக் கோட்டு கிடைத்ததே என்கிறார் மூன்றாமவர். மூன்றும் இல்லை. யாரும் எதையும் மாற்றி எழுதவில்லை. நான் சொன்னதை நான் சொன்னபடியே எழுதினார்கள்.

அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் கை கூப்பிக் கேட்கிறேன். சான்றுக்காக யாராவது வந்து பக்கத்து வீட்டைப் பற்றி விசாரிக்கிற இடத்தில் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது என் மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்க வேண்டாம், கோபப்பட்டு எதையும் கூட்ட வேண்டாம். எலியையும் பாம்பையும் நான் மறைத்ததை, முதல் வரிசை என்று நான் சொன்னதை, என் மகளின் மார்க்கை, சத்தியம் பண்ண வாய் வராததை, இருக்கிறபடியே சொல்லுங்கள். எனக்கு மூட்டு வலி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.